வரிசையின் முதல் ஆள்

செவ்வாய்க்கிழமை காலையில் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. அத்தானுக்குக் கண் கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை ஆபரேஷன், புதன்கிழமை சாயங்காலமே வந்து சேர்ந்துவிட வேண்டும் என்றார்கள். அக்கா போனை வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். பல் துலக்கிக்கொண்டிருந்த என் வாயில் நுரை. அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

"அடுத்த வருஷம்னு தானேடி சொன்னாங்க! இவ்வளவு சீக்கிரமா?"

"ரெண்டு ஆஸ்பத்திரியும் ஒண்ணாயிடுச்சுல்லக்கா. ரெண்டு கண் வங்கியும் சேர்ந்துடுச்சு. அதான் வேகமா நகருது" என்றேன், ஏதோ நானே கண்ணைக் கொண்டுவந்து கொடுத்த மாதிரி.

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோவின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். "அப்போ இனிமே இன்ஜினியர் மேடம் மூஞ்சியைத் தினமும் பாக்கணுமா? அதைத்தான் யோசிக்கிறேன்" என்றார். அக்கா அவர் தோளில் ஒரு அடி போட்டாள். போட்ட கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டாள்.

அத்தான் பஸ் ஓட்டுகிறவர். ஓட்டியவர் என்று சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை. இடது கண் சிறு வயதிலிருந்தே மங்கல். எல்லாம் வலது கண்ணை நம்பித்தான். அந்தக் கண்ணில் ஏதோ தொற்று வந்து, ஆறி, ஆறிய இடத்தில் கருவிழி பால் போல வெளுத்துவிட்டது. இப்போது அவருக்கு வெளிச்சம் தெரியும், ஆள் நடமாட்டம் தெரியும், அவ்வளவுதான். டிப்போவில் அவரை டயர் கிடங்கில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். யார் வந்து டயர் எடுத்தாலும் "ம்" என்று சொல்வதுதான் வேலை. இந்த வருஷக் கடைசியில் மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. அதற்குள் பார்வை வராவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் அந்தப் போன் எங்களுக்கு என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

சந்தோஷமாகத்தான் வேலைக்குப் போனேன்.

எங்கள் அலுவலகம் ஒரு பல் மருத்துவருக்கு மேல் மாடியில் இரண்டு அறை. கீழே துளைக்கிற சத்தம், மேலே நாங்கள் தட்டுகிற சத்தம். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். எங்கள் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஒரே வரி'. எந்த வேலையைக் கொண்டுபோனாலும், "இது ஒரே வரியில முடியிற விஷயம்மா" என்பார். அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க நமக்கு ஒரு வாரம் போகும் என்பது வேறு கதை. இந்தப் பெயர் எப்படியோ அவர் காதுக்கும் எட்டிவிட்டது. மனிதர் கோபப்படவில்லை, பெருமைப்பட்டார். அவரிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான்.

போன மாதம் அவர் சொன்ன ஒரே வரியை மட்டும் நான் நிஜமாகவே ஒரே வரியில் எழுதினேன். ஊரில் ஒரு பெரிய மருத்துவமனை, ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனை. இரண்டும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. இரண்டு இடத்திலும் கருவிழிக்காகக் காத்திருப்பவர்களின் பட்டியல் இருந்தது. அவற்றை ஒன்றாக்க வேண்டும். முதலில் பதிந்தவருக்கு முதலில் கண். இரண்டு பட்டியலும் பதிவுத் தேதிப்படி ஏற்கெனவே வரிசையாக இருக்கின்றன என்றார்கள். அப்படி வரிசையாக இருக்கிற இரண்டை வரிசை குலையாமல் ஒன்றாக்க நாமே மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. அதற்கென்று ஒரு லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல்களின் தொகுப்பு, இருக்கிறது. யாரோ புண்ணியவான்கள் எழுதி, சோதித்து, சும்மா கொடுத்தது. உலகமே அதைத்தான் எடுத்துப் போடுகிறது. அதில் இந்த வேலையைச் செய்து தருவதற்கென்றே ஒரு குட்டி நிரல், ஃபங்ஷன் என்போம். இரண்டு பட்டியலையும் கொடுத்து, தேதியை வைத்து ஒப்பிடு என்று சொன்னால் போதும்.

மொத்தமாகக் கொட்டி மறுபடி வரிசைப்படுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஏற்கெனவே வரிசையில் நிற்பவர்களை எதற்கு மறுபடி வரிசையில் நிற்கச் சொல்வது, வெட்டி வேலை என்று நினைத்தேன். சோதித்தும் பார்த்தேன். சோதனைக்கு நானே இரண்டு பட்டியல் தயாரித்தேன். நான் தயாரித்தது ஆயிற்றே, இரண்டும் நல்ல பிள்ளைகளாக வரிசையில் நின்றன. ஒன்றாக்கியதும் அழகாக வந்தது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

மத்தியானம் பாலத்துக்கு அந்தப் பக்கத்து மருத்துவமனையிலிருந்து போன். கண் பிரிவின் பட்டியலைப் பார்த்துக்கொள்கிற சிஸ்டர். குரலிலேயே கடுகு வெடித்தது.

"என்னம்மா, உங்க கம்ப்யூட்டருக்கு எங்க ஆஸ்பத்திரின்னா இளக்காரமா?"

"ஏன் சிஸ்டர், என்ன ஆச்சு?"

"ஒண்ணாச் சேர்த்ததுலேர்ந்து வந்த கண்ணு எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கே போகுது. இப்ப வியாழக்கிழமைக்கு வர்ற ரெண்டும் அங்கதான். எங்க ஆளுங்க ஒருத்தருக்குக்கூட வரல. எங்ககிட்ட ரெண்டு வருஷமாக் காத்திருக்கிறவங்க இருக்காங்க, தெரியுமா?"

"தேதிப்படி தான் சிஸ்டர் வரும். கம்ப்யூட்டர் ஆள் பார்க்காது."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"அப்படிச் சொல்லல. பார்த்துட்டுக் கூப்பிடறேன்" என்று வைத்தேன். வைத்துவிட்டு, இந்த அம்மாவுக்கு வேறு வேலை இல்லை என்று வாய்விட்டே சொன்னேன். நிர்வாகம் மாறினால் எல்லோருக்கும் தங்களை ஒதுக்குகிற மாதிரித்தான் படும், நான் பார்க்காததா?

ஆனாலும் திறந்து பார்த்தேன். ஒன்றாக்கிய பட்டியலில் மேலே முழுக்கப் பெரிய மருத்துவமனைக்காரர்கள். ஒருவர் பின் ஒருவராக அவர்களே. கீழே, வெகு கீழே, சின்ன மருத்துவமனைக்காரர்கள் மொத்தமாக, கடைசி பஸ்ஸில் ஏறியவர்கள் மாதிரி. அவர்களில் இரண்டு வருஷத்துக்கு முந்திய தேதிகள் இருந்தன.

அவர்கள் அனுப்பிய மூலப் பட்டியலை எடுத்தேன். எல்லாம் தேதி வரிசையில்தான் இருந்தது, முதல் ஆளைத் தவிர. முதல் ஆளின் பதிவுத் தேதி போன மாதம். அவர் பெயருக்குக் கீழே இரண்டு வருஷத்துக்கு முந்திய ஆள், அதற்குக் கீழே அடுத்தவர், எல்லாம் ஒழுங்காக.

சிஸ்டரைக் கூப்பிட்டேன். "உங்க பட்டியல்ல முதல் பேர் எப்படி முதல்ல வந்தது? அவர் போன மாசம் தானே பதிஞ்சிருக்கார்?"

"அவருக்கு அவசரம்மா. கண்ணுல புண்ணு ஆழமாப் போகுது, எப்ப வேணா ஓட்டை விழும். டாக்டர் சொன்னார், நான் மேல இழுத்து வச்சேன். எங்க வழக்கமே அதுதான். அவசரம்னா மவுஸால பிடிச்சு மேல இழுத்துடுவோம். முடிஞ்சது வேலை."

"தேதியை மாத்தலியா? அவசரம்னு எங்கேயாவது குறிச்சு வைக்கலியா?"

"தேதியை எப்படிம்மா மாத்தறது? பதிஞ்ச தேதி பதிஞ்ச தேதி தானே? முதல்ல இருந்தா முதல்ல கொடுப்பாங்க. இதுல குறிக்க என்ன இருக்கு?"

பெரிய மருத்துவமனையில் அவசரத்துக்குத் தனிப் பட்டியல். இவர்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதிலேயே அவசரத்தையும் கையால் இழுத்து வைத்துக்கொண்டார்கள். அதை அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஃபங்ஷன் என்ன செய்கிறது என்று இப்போது சொல்கிறேன். ஒரே வாசலுக்கு இரண்டு வரிசை நிற்கிறது. வாசலில் ஒரு காவலாளி. ஒவ்வொரு வரிசையிலும் முன்னால் நிற்கிற ஆளின் சீட்டை மட்டும் பார்ப்பான். இரண்டில் எது பழைய தேதியோ அந்த ஆளை உள்ளே விடுவான். பின்னால் நிற்பவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். வரிசை ஒழுங்காக இருக்கிறது என்று அவனிடம் சொல்லியாயிற்றே, எதற்குப் பார்க்க வேண்டும்? இப்போது ஒரு வரிசையின் முன்னால் போன மாதச் சீட்டோடு ஒருவர் நிற்கிறார். காவலாளி அவரை நிறுத்திவிட்டு அடுத்த வரிசையிலிருந்து ஆள் விட்டுக்கொண்டே இருக்கிறான். நிற்பவருக்குப் பின்னால் இரண்டு வருஷச் சீட்டோடு இருப்பவர்களும் சேர்ந்து நிற்கிறார்கள். அவசரம் என்று முன்னால் கொண்டுவந்து நிறுத்திய ஆளே எல்லோருக்கும் முட்டுக்கட்டை. அவருக்கும் சேர்த்து.

அந்த லைப்ரரியின் குறிப்பில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள், கொடுக்கிற பட்டியல்கள் முன்பே வரிசையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வருவதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று. படித்தேன். படித்துத்தான் எழுதினேன்.

பட்டியலைச் சரியாகப் போட்டுப் பார்த்தேன். அவசரக்காரர் முதலில், பிறகு மற்றவர்கள் தேதிப்படி. வியாழக்கிழமைக்கு வருகிற இரண்டு கண்களும் பாலத்துக்கு அந்தப் பக்கம் போயின. அத்தானைத் தேடினேன். நகர்த்தி நகர்த்தி விரல் வலித்தது. பல பக்கம் தள்ளி இருந்தார். அடுத்த வருஷம் என்று முதலில் அவர்கள் சொன்ன அதே இடம்.

கீழே பல் மருத்துவர் யாருக்கோ துளைத்துக்கொண்டிருந்தார்.

ஒரே வரியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, பதறாதே. ஒண்ணாக்கறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒரு தடவை வரிசைப்படுத்திடு. ஒரே வரி."

"அப்படிச் செஞ்சா அந்த அவசரக்காரர் தேதிப்படி கடைசிக்குப் போயிடுவார் சார். அவசரத்துக்குத் தனியா ஒரு குறி வேணும்."

"அதையும் போடு. அடுத்த திங்கட்கிழமையிலேர்ந்து சரியா ஓடட்டும். ஏற்கெனவே தேதி கொடுத்ததைத் தொடாதே. ஆளைக் கூப்பிட்டுச் சொல்லியாச்சு. இப்ப மாத்தினா நம்ம பேர் நாறிடும்."

"அந்த அவசரக்காரருக்குக் கண்ணு போயிடும் சார்."

"அவ்வளவு அவசரம்னா அவங்க டாக்டர் போன் பண்ணிக் கேட்டிருப்பார்ல? நம்ம என்ன வைத்தியரா?"

எனக்கு அடக்க முடியவில்லை. "வியாழக்கிழமைப் பேர்ல ஒருத்தர் எங்க அத்தான்" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த மனிதர் முகத்தில் இரக்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அட, அப்போ உனக்கு நல்லதுதானேம்மா? நானே சொல்றேன், விட்டுடு. உன்மேல ஒரு பழியும் வராது. தலைவர் சொன்னார்னு இருக்கட்டும்."

அவர் என்னைக் கெடுக்க நினைக்கவில்லை. நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்ததே அதனால்தான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கூடத்தில் ஒரு பை. மாற்றுச் சட்டை, துண்டு, செருப்பு, அத்தானின் சின்ன ரேடியோ. அக்கா வேலை பார்க்கிற துணிக்கடையில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். எதிர்வீட்டுக்காரியிடம் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தாள், சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

அத்தான் கண்ணாடி முன்னால் நின்று ஷேவ் செய்துகொண்டிருந்தார். கண்ணாடி அவருக்கு ஒன்றும் காட்டாது, இருந்தாலும் அதன் முன்னால்தான் நிற்பார். "என்ன மேடம், சத்தத்தையே காணோம்?" என்றார்.

"தலைவலி."

"எனக்குக் கண்ணு வந்ததும் முதல்ல உன் தலையைத்தான் பாக்கணும். உள்ள ஏதாவது இருக்கான்னு."

சிரித்தேன். சிரித்துவிட்டு என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மனசுக்குள் நான் பேரம் பேசாத சாமி இல்லை. நான் எதையும் திருடவில்லையே என்றேன். அத்தான் வரிசையில் நின்றவர்தானே, முந்தியடித்துக்கொண்டு ஓடினாரா? சிஸ்டர் சரியாகக் குறித்திருந்தால் இது வந்திருக்குமா? வெள்ளிக்கிழமை கண்டுபிடித்ததாகச் சொன்னால் யாருக்குத் தெரியும்? ஒவ்வொன்றும் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. முகம் தெரியாத அந்த ஆளின் பதிவு எண் மட்டும் ஒழியமாட்டேன் என்று கண் முன்னால் நின்றது.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏறாமல் பாலத்துக்கு அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினேன். முடிவெடுத்துவிட்டுப் போனேன் என்று சொன்னால் பொய். உண்மையில் எவ்வளவு அவசரம் என்று கேட்டுக்கொள்ளத்தான் போனேன். அடுத்த வாரம் வரை தாங்கும் என்று அவர்கள் வாயால் வந்துவிட்டால் நிம்மதியாகத் திரும்பிவிடலாம்.

சிஸ்டர் நான் குரலை வைத்து நினைத்ததைவிடச் சின்ன உருவம். பழைய கட்டடம், சுவரில் இடுப்பு உயரத்துக்கு எண்ணெய்ப் பெயின்ட், அதன் மேல் கைவைத்துத் தடவிக்கொண்டே போகிற நோயாளிகளின் கறை. "நீதானா அந்தக் கம்ப்யூட்டர்?" என்றார். நான்தான் என்றேன்.

"அந்த முதல் பேருக்கு எத்தனை நாள் தாங்கும் சிஸ்டர்?"

சிஸ்டர் எழுந்து முன்னால் நடந்தார். வார்டின் கதவைத் திறந்து காட்டினார். கட்டில் விளிம்பில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஏசி மெக்கானிக் என்றார் சிஸ்டர். கண்ணின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி, பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். "கேஸ் போட்டியா? முதல்ல கேஸை செக் பண்ணுடா, தண்ணி வருதுன்னா பைப்பைப் பாரு" என்று அங்கிருந்தே யாருக்கோ வேலை சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு கண்ணு?" என்று கேட்டேன்.

"அது எப்பவோ போயிடுச்சு. இது ஒண்ணுதான். இன்னைக்குக் காலையில புண்ணு இன்னும் இறங்கியிருக்கு."

தாங்கும் என்று சொல்லியிருந்தால் திரும்பிப் போயிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"நாளைக்கு வர்ற கண்ணு இவருக்குத்தான் சிஸ்டர். தப்பு எங்ககிட்ட. பெரிய டாக்டருக்கு இப்பவே போன் போடுங்க, நான் பேசறேன்."

சிஸ்டர் நன்றி சொல்லவில்லை. "போன வாரமே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"போன வாரமே நீங்க கேட்டிருக்கக் கூடாதா?"

"அவங்க ஆளுங்களுக்குத்தான் கொடுப்பாங்கன்னு நெனச்சு விட்டுட்டேன்" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. போனை எடுத்தார்.

மத்தியானத்துக்குள் பட்டியல் மாறிவிட்டது. ஒரே வரி என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, நெடுநேரம் கத்தினார். அவர் கத்தியது எதுவும் ஒரே வரியில் இல்லை. என் காதில் ஒன்றும் ஏறவில்லை. வீட்டுக்குப் போன் போயிருக்குமா, அக்கா எடுத்திருப்பாளா என்றே ஓடிக்கொண்டிருந்தது.

போயிருந்தது. அக்காதான் எடுத்திருந்தாள். நான் போனபோது பை கூடத்திலேயே இருந்தது. அவள் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏதோ கம்ப்யூட்டர் தப்பாம். திருத்திட்டாங்களாம்" என்றாள். "யாருடி திருத்தினது?"

"நான்தான்க்கா."

"தப்புப் பண்ணினது?"

"அதுவும் நான்தான்."

அவள் எழுந்து நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"வெள்ளிக்கிழமை கண்டுபிடிச்சிருக்கக் கூடாதாடி? ரெண்டே ரெண்டு நாள். ரெண்டு நாள் கழிச்சு உன் கண்ணுல பட்டிருக்கக் கூடாதா?"

நானும் அதைத்தான் யோசித்தேன் என்று எப்படிச் சொல்வது? அந்த ஆளுக்கு இருப்பதே ஒரு கண்தான் என்று ஆரம்பித்தேன்.

"இவருக்கு எத்தனை இருக்கு?" என்றாள். "நீ காலேஜ் பரீட்சைக்கு லேட்டாப் போன அன்னைக்கு மொத்த பஸ்ஸையும் ஸ்டாப்புல நிறுத்தி வச்சவருடி. உள்ள இருந்த அத்தனை பேரும் வாயில வந்தபடி திட்டினாங்க. மெமோ கொடுத்தாங்க. ஒரு வார்த்தை உன்கிட்ட சொன்னாரா? உனக்காக அத்தனை பேரைக் காக்க வச்சார். அவருக்காக ஒருத்தனை உன்னால காக்க வைக்க முடியல."

"ஏய், விடு" என்றார் அத்தான் உள்ளேயிருந்து. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "எனக்கு முன்னாடி எத்தனை பேர் மேடம்?"

"நிறைய பேர் அத்தான். அடுத்த வருஷம் ஆயிடும்."

"அப்போ சீட்டு இல்ல. ஸ்டாண்டிங்ல போக வேண்டியதுதான்."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. கையைக் காற்றில் நீட்டி நாற்காலியைத் தேடினார், நான் பிடிக்கப் போனேன், அக்கா என் கையைத் தட்டிவிட்டு அவளே பிடித்து உட்கார வைத்தாள். வியாழக்கிழமைக்குப் பேர் இருந்த இன்னொருவர் வீட்டுக்கும் அன்றைக்கு இப்படி ஒரு போன் போயிருக்கும். அந்த வீட்டில் பிடித்துத் திட்டுவதற்கு நான் இருந்திருக்கமாட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதன்பிறகு அக்கா என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை மேஜையில் வைப்பாள், போய்விடுவாள். குளியலறைக் கதவு முன்னால் நேருக்கு நேர் வந்தால் ஒதுங்கி நிற்பாள், வாடகைக்கு வந்தவளுக்கு வழிவிடுகிற மாதிரி. என்னை வளர்த்தவள் அவள். அவள் மௌனத்துக்கு நான் பழகவில்லை. இதற்கு அவள் என்னை நாலு அறை விட்டிருக்கலாம்.

அலுவலகத்தில் நான் அந்த நிரலைத் திருத்தி எழுதினேன். அவசரத்துக்கு ஒரு குறி. ஒன்றாக்குவதற்கு முன்னால், பட்டியல் நிஜமாகவே வரிசையில் இருக்கிறதா என்று ஒரு சோதனை. இல்லையென்றால் நின்றுவிடும், யாரிடமாவது கேட்கும். ஒரே வரி பார்த்துவிட்டு, ரொம்ப நீளமாக இருக்கிறதே என்றார். இருக்கட்டும் சார் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிஸ்டரைக் கூப்பிட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஆபரேஷன் ஆச்சும்மா. கண்ணை எடுக்க வேண்டிய நிலைமை, எடுக்காம காப்பாத்திட்டாங்க."

"பார்வை?"

"வெளிச்சம் தெரியுது. அதுக்கு மேல வராதுன்னு சொல்றார் டாக்டர். சீழ் உள்ள வரைக்கும் போயிடுச்சு. போன வாரம் வந்த கண்ணை இவருக்கு வச்சிருந்தா அதோட நின்னிருக்கும்னு சொன்னார்." பிறகு, என்னைத் திட்டப் போகிறார் என்று நான் காத்திருந்தபோது, "நானும் போன வாரம் கேக்கலியே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

போன வாரம் வந்த கண் பெரிய மருத்துவமனையில் வேறு யாருக்கோ போயிருந்தது. நான் எழுதிய வரி அனுப்பிய இடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது.

மத்தியானமாயிற்று. அக்கா சாப்பிடக் கூப்பிடவில்லை, ஆனால் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. போய் உட்கார்ந்தேன். அத்தான் முன் அறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"அந்த ஆளுக்குக் கண்ணு தெரியுதா?" என்று கேட்டாள், திரும்பாமல்.

நாலு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. முன் அறையில் ரேடியோவின் சத்தம் குறைந்தது.

"தெரியுதுக்கா" என்றேன்.

"நல்லா?"

"நல்லாத் தெரியுதாம்."

அக்கா துணியைக் கீழே வைத்தாள். திரும்பி வந்து என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. என் தலையில் கையை வைத்து, சின்ன வயதில் முடியைக் கோதுவாளே, அப்படிக் கோதினாள்.

"அப்போ சரி விடு. அவராவது பாக்கட்டும்."

என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்து, சாப்பிடு என்றாள்.